கொழும்பில் பாவித்த ஜெர்மன் கார்: பெயரை விட்டு எஞ்சினைப் பார்த்து வாங்குங்கள்

பென்ஸ் என்றால் சாகாது என்ற பேச்சு சும்மா பிறந்ததல்ல. 1970களின் நடுவில் வந்த டபிள்யூ123, 1984இல் வந்த டபிள்யூ124 என்ற பென்ஸ் மொடல்கள் இரண்டும் அந்தப் பெயரை உழைத்துச் சம்பாதித்தவை. கொழும்பு வீதிகளில் அவற்றை இன்றைக்கும் காணலாம். 2013ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ 520டீ ஒன்றையோ பென்ஸ் சீ180 ஒன்றையோ அதே நம்பிக்கையில் வாங்குகிற இடத்தில்தான் கணக்குப் பிழைக்கிறது. கதவு சாத்துகிற சத்தம், அதிவேகப் பாதையில் 100இல் போகும்போது கையில் தெரிகிற நிதானம், மோதினால் உள்ளே இருப்பவரைக் காக்கிற உடல் என்று பார்த்தால் ஜெர்மன் கார் இன்னும் முன்வரிசைதான். பொனற்றுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக்கும் றப்பரும் வேறு கதை. அமெரிக்காவில் மூன்று வயதுக் கார்களை வைத்து ஜே.டி. பவர் நடத்துகிற ஆய்வில் 2023இல் லெக்ஸஸ் முதலிடம் பிடித்தது. ஆடியும் மெர்சிடிஸும் சராசரிக்குக் கீழே நின்றன.

இலங்கையில் இது இன்னும் கடிக்கும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. ஆகவே விற்பனைக்கு நிற்கிற பாவித்த பிஎம்டபிள்யூ, பென்ஸ், ஆடிகளில் பெரும்பாலானவை 2020க்கு முந்தியவை. றப்பர் இறுகி, பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்குகிற வயது அது. ஐரோப்பாவில் அந்த வயதில் விலை விழுந்துவிடும். இங்கே விலை விழாது, நோய் மட்டும் வரும். கையில் உள்ள முழுக் காசையும் காருக்கே கொடுத்துவிடாமல், விலையில் பத்திலொரு பங்கையாவது முதல் வருடத்துத் திருத்த வேலைக்கு ஒதுக்கி வையுங்கள்.

எஞ்சின் குறியீடு

விளம்பரத்தில் 320 என்று போட்டிருப்பது ஒன்றும் சொல்லாது. செசி நம்பரைக் கேளுங்கள். பிஎம்டபிள்யூவுக்குக் கடைசி 7 எழுத்துகளே போதும். எந்த எஞ்சின், எந்த மாதம் தொழிற்சாலையை விட்டு வந்தது என்பதெல்லாம் இணையத்தில் பார்க்கலாம். பென்ஸுக்கும் ஆடிக்கும் 17 எழுத்தும் வேண்டும். தர மறுக்கிறவரோடு மினக்கெட வேண்டாம்.

2007 முதல் 2014 வரையான 320டீ, 520டீ என்றால் பெரும்பாலும் என்47 டீசல் எஞ்சின். இதன் டைமிங் செயின், அதாவது வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குகிற சங்கிலி, எஞ்சினின் பின்பக்கம், கியர் பொக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் பழுதானால் கியர் பொக்ஸையோ முழு எஞ்சினையோ இறக்காமல் கை வைக்க முடியாது. செயினின் விலையை விடக் கூலிதான் அடிக்கும். பொனற்றைத் திறந்து, கண்ணாடிப் பக்கமாகக் காதை வைத்து, எஞ்சினை நிமிடத்துக்கு 1500 முதல் 2000 சுற்றுகளில் பிடித்துக் கேளுங்கள். சங்கிலி உரசுகிற ஓசை பின்பக்கத்திலிருந்து வந்தால் விலை பேசவே வேண்டாம். இதே டீசல் கார்களில், எஞ்சினுக்குத் திரும்புகிற புகையைக் குளிர்விக்கிற ஈஜீஆர் கூலர் கசிந்து, கூலன்ட்டும் கரியும் சேர்ந்து தீப்பிடித்த சம்பவங்கள் 2018இல் தென்கொரியாவில் தொடர்ந்து நடந்தன. பிஎம்டபிள்யூ உலகளவில் கார்களைத் திருப்பி அழைத்தது. நீங்கள் பார்க்கிற காரில் அந்த வேலை முடிந்ததா என்று முகவரிடம் செசி நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள்.

2011க்குப் பின் வந்த 320ஐ, 328ஐ, 520ஐ கார்கள் பலவற்றில் உள்ள என்20 பெற்றோல் எஞ்சினிலும் செயின்தான் நோவு. இங்கே செயின் முன்பக்கம். அதைத் தாங்குகிற பிளாஸ்டிக் கைட் உடைந்து, துண்டுகள் ஒயில் பானுக்குள் விழும். ஒயில் பம்பின் உறிஞ்சுவாய் அடைபடும். 2015 தொடக்கத்துக்குப் பின் செய்தவற்றில் கைட் மாற்றப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தியது என்றால் செயின், கைட், ஒயில் பம்ப் செயின் மூன்றும் மாற்றிய பில் இருக்கிறதா என்று பாருங்கள். வேகம் கூட்டும்போது சீட்டி போல மெல்லிய ஊளை கேட்டால் அது ரேர்போ அல்ல, அனேகமாகச் செயின்தான்.

பென்ஸில் டபிள்யூ204 சீ180, சீ200, டபிள்யூ212 ஈ200 என்பவற்றின் எம்271 எஞ்சினுக்கும் செயின் நீளும், வால்வு திறக்கிற நேரத்தை மாற்றுகிற கேம் அட்ஜஸ்டரின் பற்கள் தேயும். குளிர்ந்த எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணிய முதல் சில வினாடிகளில் கரகரப்பு வருவதுதான் அடையாளம். விற்பவர் நீங்கள் வருமுன்னே எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் இது கேட்காது. போனவுடன் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நாளை காலை வருகிறேன் என்று சொல்லித் திரும்புங்கள். இன்னொன்று, அந்த அட்ஜஸ்டரை இயக்குகிற மின்காந்தமான கேம் மக்னற் வழியாகக் கசிகிற ஒயில் வயருக்குள்ளேயே ஊர்ந்து கொம்பியூற்றர் வரை போகும். மக்னற்றின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே ஈரம் இருக்கக் கூடாது. பின்னால் வந்த எம்274இலும் இதே இரண்டு சோதனையையும் செய்யுங்கள்.

2009 முதல் 2012 வரையான ஆடி ஏ4, ஏ5களின் 1.8, 2.0 ரீஎஃப்எஸ்ஐ, அதாவது இஏ888 எஞ்சினின் இரண்டாம் தலைமுறை, ஒயில் குடிக்கும். பிஸ்டன் றிங்கின் ஒயில் வடிகிற துளைகள் சிறியவை. கரி பிடித்து அடைந்ததும் ஒயில் எரிகிறது. 1000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர் வரை எரிவதைத் தொழிற்சாலை வழமை என்று கணக்கிட்டது. அந்த வழமை வேறு யாருக்கும் வழமையல்ல. றிங் மாற்றிய ரெக்கோர்ட் இல்லையென்றால் விட்டுவிடலாம்.

கியர் பொக்ஸ்

1000 சீசீக்குக் குறைந்த வரியால் இங்கே நிறைய வந்த ஆடி ஏ3, கியூ2 1.0 ரீஎஃப்எஸ்ஐ கார்களில் எஞ்சின் பெரிய தொல்லை தராது. அதோடு வருகிற டீக்யூ200 என்ற 7 வேக உலர் கிளட்ச் கியர் பொக்ஸ்தான் கொழும்பு நெரிசலுக்கு ஒத்துவராதது. உலர் கிளட்சைக் குளிர்விக்க ஒயில் இல்லை. காலி வீதியில் காலை எட்டு மணிக்கு அங்குலம் அங்குலமாக நகரும்போது அரைக் கிளட்சிலேயே தேய்ந்து சூடேறும். கிளட்சையும் கியரையும் இயக்குகிற மெகற்றோனிக் அலகில் அழுத்தம் சேமிக்கிற குடுவை வெடிப்பதும் உண்டு. அப்போது கியர் எழுத்துகள் மின்னும், றிவேர்ஸ் விழாது, கார் அந்த இடத்திலேயே நிற்கும்.

சோதிக்க, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஒரு சிறிய ஏற்றத்தில் பிரேக்கை விட்டு, அக்சிலறேற்றரைத் தொடாமல் நகர விடுங்கள். பின் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது கவனியுங்கள். உடல் நடுங்கினால் கிளட்ச் தொகுதி முடிந்தது. வாங்கிய பின் ஓட்டும் முறையும் முக்கியம்: முன்கார் அசைகிறபோதெல்லாம் கூடவே ஊராமல், ஒரு கார் நீளம் விட்டுப் பிரேக்கை நன்றாக மிதித்து நில்லுங்கள்; இடம் கிடைத்ததும் ஒரே வீச்சில் போங்கள். 2016க்குப் பின் வந்த ஏ4இல் இருப்பது ஒயிலில் நனைந்த கிளட்ச். இந்த நோய் அதற்கில்லை.

பிஎம்டபிள்யூவின் செட்எஃப் 8 வேக ஒட்டோ நல்ல பெட்டி, சந்தேகமில்லை. ஆயுள் முழுக்க ஒயில் மாற்றத் தேவையில்லை என்று கார்க் கொம்பனி சொல்லும். பெட்டியைச் செய்த செட்எஃப் கொம்பனியோ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேளுங்கள். ஃபில்டர் பிளாஸ்டிக் பானோடு ஒட்டியே வருவதால் பானையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒயில் மட்டத்தை எஞ்சின் ஓடும்போது, ஒயில் 30 முதல் 50 பாகைக்குள் இருக்கையில் பார்க்க வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் இதைச் செய்கிற கராஜில் கொடுக்காதீர்கள்.

ஸ்கேன், வெள்ளம், கடல்காற்று

பொதுவான சின்ன ஸ்கேனரில் லைற் அழிக்கலாம், உண்மை தெரியாது. பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, பென்ஸுக்கு செண்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ் அல்லது வீசீடீஎஸ் என்று அந்தந்தக் காருக்கான சோதனை மென்பொருள் வைத்திருக்கிற, விற்பவருக்குத் தொடர்பில்லாத கராஜில் காசு கொடுத்துப் பாருங்கள். மீற்றரில் ஓட்டத்தைக் குறைப்பவர்கள் டாஷ்போர்ட்டை மட்டும் மாற்றுவார்கள். பழைய பிழைக் குறிப்புகளில் அது நடந்த கிலோமீற்றர் பதிந்திருக்கும். மீற்றர் 68,000 காட்டும்போது பிழை ஒன்று 1,12,000இல் பதிந்திருந்தால் பேச்சு முடிந்தது. எல்லாக் குறிப்பும் நேற்றுத்தான் அழிக்கப்பட்டது போல வெறுமையாக இருந்தாலும் சந்தேகியுங்கள். 40 கிலோமீற்றர் ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் பண்ணுங்கள்.

2016 மே, 2025 நவம்பர் வெள்ளங்களில் களனி ஆற்றுப் பக்கம் மூழ்கிய கார்கள் கழுவிச் சந்தைக்கு வரும். ஜெர்மன் கார்களில் பற்றரியும் பல கட்டுப்பாட்டு அலகுகளும் டிக்கியின் தரைக்குக் கீழும் கார்ப்பெற்றுக்கு அடியிலும் இருப்பதால் வெள்ளம் இவற்றைக் கொல்கிற மாதிரி யப்பான் கார்களைக் கொல்வதில்லை. டிக்கியின் மூடியைத் தூக்கி மூலைகளில் மண்கோடு இருக்கிறதா பாருங்கள். முன் கார்ப்பெற்றுக்கு அடியில் உள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள். சீற் பெல்ற்றை முழுவதும் இழுத்து அடிப்பகுதியைப் பாருங்கள், அதைக் கழுவ மறந்துவிடுவார்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரையோரம் நின்ற காரென்றால் அடியில் உள்ள சப்ஃபிரேம் என்ற இரும்புச் சட்டம், பிரேக் குழாய்கள் துருப்பிடித்திருக்கும். லிஃப்ற்றில் ஏற்றாமல் வாங்க வேண்டாம்.

எயார் சஸ்பென்ஷன் உள்ள பென்ஸ் என்றால் இரவு முழுக்க நிறுத்திய இடத்திலேயே காலையில் பாருங்கள். ஒரு மூலை பதிந்திருந்தால் றப்பர் பை கசிகிறது. அதை ஈடுகட்ட ஓயாமல் ஓடிக் கொம்பிறசரும் கருகிவிடும். பிளக்-இன் ஹைபிரிட்டுகளில், உதாரணமாக சீ350ஈ, 330ஈ, முழுச் சார்ஜில் ஏசி போட்டு எத்தனை கிலோமீற்றர் மின்னில் மட்டும் போகிறது என்று ஓட்டிப் பார்ப்பதே நேரான சோதனை. சீ350ஈக்குத் தொழிற்சாலைக் கணக்கே 31 கிலோமீற்றர்தான். பாதி கிடைத்தால் நல்லது.

வாங்கியபின்

காரின் திரையில் அடுத்த சேர்விஸுக்கு இருபதாயிரத்துச் சொச்சம் இருக்கிறது என்று காட்டும். அது ஜெர்மன் நெடுஞ்சாலைக்குப் போட்ட கணக்கு. கொழும்பில் எஞ்சின் ஓடுகிற மணித்தியாலத்தோடு ஒப்பிட்டால் கிலோமீற்றர் பாதிகூட வராது. 7,500இல், அல்லது வருடத்துக்கு ஒரு தரம், எது முந்துகிறதோ அதில் ஒயில் மாற்றுங்கள். போத்தலில் 5டபிள்யூ30 என்று இருந்தால் மட்டும் போதாது: புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ள பிஎம்டபிள்யூ டீசலுக்கு லோங்லைஃப்-04, அதே வகை பென்ஸுக்கு 229.51, ஆடி டீசலுக்கு 507.00 என்ற அங்கீகாரம் எழுதியிருக்க வேண்டும். என்20க்கு 5 லீற்றர், என்47க்கு 5.2 லீற்றர் போகும்.

கூலன்ட் தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவது இங்கே பலருக்குப் பழக்கம். இந்த எஞ்சின்கள் எரிபொருள் மிச்சத்துக்காக 100 பாகைக்கு மேலும் சூட்டில் ஓடுபவை. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். தொட்டியும் பிளாஸ்டிக் குழாய் மூட்டுகளும் மஞ்சளித்திருந்தால் வெடிக்குமுன் மாற்றுங்கள். என்20இன் மின் வோட்டர் பம்ப் முன்னறிவிப்பில்லாமல் நிற்கும். 100,000 தாண்டியிருந்தால் தெர்மோஸ்ரற்றோடு சேர்த்து மாற்றிவிடுவது மலிவு. அதிவேகப் பாதையில் ஒரு தரம் கொதித்தால் எஞ்சினின் ஹெட் வளைந்துவிடும்.

பெற்றோலில் 95 ஒக்டேன், டீசலில் சூப்பர் டீசல் மட்டும். டீசல் காரை வீடு, பள்ளிக்கூடம், கடை என்று மட்டும் ஓட்டினால் கரி வடிகட்டி அடைபடும். இரண்டு கிழமைக்கு ஒரு தரம் தெற்கு அதிவேகப் பாதையில் கொட்டாவையில் ஏறி வெலிப்பென்ன வரை போய்த் திரும்புங்கள். 80க்கு மேல் அரை மணித்தியாலம் ஒரே சீராக ஓடினால் கரி எரிந்துவிடும்.

உதிரிப்பாகத்தில் பெட்டியில் உள்ள சின்னத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். பிஎம்டபிள்யூ பெட்டியில் வருகிற சஸ்பென்ஷன் புஷ்ஷைப் பெரும்பாலும் லெம்ஃபோர்டர் கொம்பனிதான் செய்கிறது. ஃபில்டர் மான் அல்லது மாலே. அதே பொருள் அவர்களின் சொந்தப் பெட்டியில் மலிவு. பாவித்த உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கதவு, லைற், கண்ணாடி, பம்பர் என்பவற்றைத் தாராளமாக வாங்கலாம். பாவித்த செயின், வோட்டர் பம்ப், எயார் பை, ஷொக் அங்கே வாங்குகிற பொருளல்ல. பிஎம்டபிள்யூவிலும் ஆடியிலும் புதுப் பற்றரி போட்டால் அதைக் கொம்பியூற்றரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பற்றரிக்குக் கொடுத்த அதே அளவில் சார்ஜ் ஏற்றிப் புதியதையும் சீக்கிரம் சாகடிக்கும்.

முதல் ஒயில் மாற்றத்தின்போது பழைய ஃபில்டரை எறிய விடாதீர்கள். மடிப்புகளை வெட்டி விரித்து, வெள்ளைத் துணியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய கறுப்புக் கரி இருந்தால் பரவாயில்லை. நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு ஒன்று கிடைத்தாலும் ஒயில் பானைக் கழற்றிப் பார்க்கும் வரை எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண வேண்டாம்.