எதிர்கால பைக் வரையலாம்: முதலில் சக்கரம், கடைசியில்தான் பாடி

நான் முதலில் வரைந்த கான்செப்ட் பைக் பார்க்க விண்கலம் மாதிரி இருந்தது. ஆனால் ஹேண்டில்பாரைத் திருப்பினால் முன்சக்கரம் ஃபேரிங்கில் (வண்டியின் முன்பக்க உறையில்) இடித்தது. பாடியை முதலில் வரைந்ததுதான் தப்பு.

படி 1: தாளில் பக்கவாட்டுத் தோற்றத்தை 1:10 அளவில் போடுங்கள். 120/70-17 டயரின் விட்டம் சுமார் 600 மி.மீ., தாளில் 6 செ.மீ. சக்கர மையங்களுக்கு இடையே 14 செ.மீ. விடுங்கள். ப்ளெண்டரை (முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள்) இப்போதே திறக்காதீர்கள். திரையில் எல்லாமே அழகாகத் தெரியும், அதுதான் ஆபத்து.

படி 2: ஒரு குச்சி மனிதனை உட்காரவையுங்கள். இருக்கை உயரம் 800 மி.மீ. போதும்.

படி 3: ஸ்டியரிங் அச்சு, அதாவது ஹேண்டில்பாரும் முன்சக்கரமும் எந்தக் கோட்டைச் சுற்றித் திரும்புகின்றனவோ அது. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். அந்த அச்சைக் கோடாகத் தரைவரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ட்ரெயில். ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் இது சுமார் 100 மி.மீ. இருக்கும். செங்குத்திலிருந்து 24 டிகிரி சாய்வு, அச்சிலிருந்து (அதற்குச் செங்கோணத்தில் அளந்தால்) சக்கர மையம் 30 மி.மீ. முன்னால் என்று வைத்தால் இந்த அளவு வந்துவிடும். நானோ கெத்தாகத் தெரியட்டும் என்று 40 டிகிரி சாய்த்தேன். ட்ரெயில் 212 மி.மீ. ஆகிவிட்டது. அந்த வண்டி நேர்கோட்டில் ஓடும். ஆனால் மெதுவாகப் போகும்போது திருப்புவதற்குள் தோள் கழன்றுவிடும். 40 டிகிரிதான் வேண்டும் என்றால், சக்கர மையத்தைச் சுமார் 116 மி.மீ. முன்னால் தள்ளுங்கள்.

படி 4: சக்கரத்தை இரு பக்கமும் 30 டிகிரி திருப்பி, மேலிருந்து பார்ப்பதுபோல வரையுங்கள். அப்புறம் சஸ்பென்ஷன் அமுங்குவதற்காக 120 மி.மீ. மேலே தூக்கிப் பாருங்கள். எங்கும் இடிக்கவில்லையா? சரி, மேலே போகலாம்.

படி 5: இனிதான் பாடி. பழைய பைக்குகளிலிருந்து ஒரே ஒரு கோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். 2016-இல் பிஎம்டபிள்யூ காட்டிய விஷன் நெக்ஸ்ட் 100 என்ற கான்செப்ட் பைக்கின் கறுப்பு முக்கோணச் சட்டம், அவர்களுடைய 1923-இன் ஆர்32 பைக்கை நினைவூட்டும். திருப்பும்போது சட்டமே வளைகிற மாதிரி அதை யோசித்திருந்தார்கள். தொடக்கத்திலேயே அந்த ஆசை வேண்டாம்.

பின்சேர்க்கை: ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) இல்லாத சக்கரம் போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வாகன வடிவமைப்பாளர் ஃபிராங்கோ ஸ்பாரோ 1989-இலேயே அப்படி ஒரு பைக்கைக் காட்டிவிட்டார். ரிம்மை ஒட்டிப் பெரிய பேரிங் வேண்டும்; எடை ஏறும், தூசியும் புகும். முன்சக்கரத்தில் வைத்தாலும் ஸ்டியரிங் அச்சும் ட்ரெயிலும் மாறாமல் வேண்டும். நடுவில் ஓட்டைதான் என்றாலும் மையப்புள்ளியைப் பென்சிலால் குறித்து, படி 3-இன் கணக்கை அப்படியே போடுங்கள்.