லேப்டாப் சார்ஜ் ஏறலயா? ஜாக்க வீட்டுலயே சோல்டர் பண்ணி மாத்துறது எப்பிடி

போன டிசம்பர் மழையில தங்கச்சியோட லேப்டாப் சார்ஜ் ஏறாம போச்சு, ஒயர கொஞ்சம் தூக்கிப் புடிச்சா லைட் எரியும் விட்டா அணைஞ்சிரும், ஒயருக்கு கீழ ஒரு புத்தகத்த முட்டு குடுத்து வச்சுத்தான் அவ ரெண்டு வாரம் அசைன்மென்ட் செஞ்சா. டவுன்ல ஒரு கடையில காட்டினோம், தெறந்துகூட பாக்காம போர்டே மாத்தணும்னுட்டாங்க. வீட்டுல கழட்டிப் பாத்தா ஜாக்கோட (சார்ஜர் பின்ன குத்துற எடம்) ஒரு கால சுத்தி ஈயம், அதாவது சோல்டர், மோதிரம் மாதிரி வெடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான். தோட்டத்து லயத்துல ஒரு லேப்டாப்ப வச்சு மூணு புள்ளைங்க படிக்கிற வீடெல்லாம் இருக்கு, அந்த மாதிரி வீட்டுல யாராச்சும் ஒருத்தர் இத பழகி வச்சுக்கணும்னுதான் எழுதுறேன்.

மொதல்ல கோளாறு ஜாக்குலதானான்னு பாருங்க. வோல்ட் அளக்கிற மல்டிமீட்டர டிசி 200 வோல்ட்ல வைங்க (20ல வச்சா சில சார்ஜருக்கு அளவு தாண்டிரும்), செவப்பு முனைய சார்ஜர் பின்னோட உள்பக்கம், கறுப்ப வெளிப்பக்கம் வச்சு பாத்தா சார்ஜர் லேபிள்ல போட்டிருக்கிற 19 இல்லாட்டி 19.5 வோல்ட் கிட்ட காட்டணும். ஒயர ஆட்டும்போது நம்பர் விழுந்துச்சுன்னா கோளாறு சார்ஜர்ல, லேப்டாப்ப தொடவே வேணாம். டெல், எச்பி சார்ஜர்ல நடுவுல ஊசி மாதிரி ஒரு பின் இருக்கும், அது கரண்டுக்கு இல்ல, இன்ன சார்ஜர்னு லேப்டாப் தெரிஞ்சுக்கிறதுக்கு. அதனால மீட்டர் முனைய அதுல வைக்காதீங்க, சுத்தி இருக்கிற குழாயோட உள்சுவர்ல வைங்க.

இனி தெறக்கலாம். சார்ஜர கழட்டி, மூடிய தெறந்த உடனே பேட்டரி கனெக்டர உருவிருங்க, பொறகு பவர் பட்டன 15 செக்கன் அமுக்கிப் புடிங்க. இது இல்லாம மத்த எதையும் தொடக்கூடாது. ஒரு பேப்பர்ல லேப்டாப் படத்த வரைஞ்சு எந்த ஸ்க்ரூ எங்க இருந்துச்சோ அங்கயே டேப் போட்டு ஒட்டி வைங்க, நீளம் மாறிச்சுன்னா நீட்டு ஸ்க்ரூ போர்ட குத்திரும்.

ஜாக் ஒயரோட தனியா வந்து போர்டுல ஒரு சின்ன கனெக்டர்ல மாட்டியிருந்தா உங்களுக்கு அதிர்ஷ்டம், சோல்டரிங்கே வேணாம், அதே மாடலுக்கு புது ஒயர் வாங்கி மாட்டினா முடிஞ்சுது. டைப் சி ஜாக்னா சாதாரண சோல்டரிங் அயனோட எறங்காதீங்க, கால் எல்லாம் முடி மாதிரி இருக்கும். போர்டுலயே ஓட்டைக்குள்ள கால் எறக்கி ஈயம் வச்ச வட்ட ஜாக்குக்குத்தான் இனி சொல்றது.

தேவையான சாமான்: 60 வாட் அயன் (சூடு கூட்டிக் கொறைக்கிறது நல்லது), ஈயம் (லெட்) கலந்த 63/37 சோல்டர் (வெள்ளீயம் 63, லெட் 37 பங்கு), எலக்ட்ரானிக்ஸ் பிளக்ஸ் (சோல்டர் நல்லா ஒட்டுறதுக்கு பூசுறது), ஈயம் உறிஞ்சுற பம்ப், செம்புக் கம்பி பின்னின நாடா, ஐசோபுரோபைல் அல்ககோல். பைப்புக்கு பூசுற ஆசிட் பிளக்ஸ் வாங்கிராதீங்க, அது போர்ட அரிச்சிரும். நம்ம பக்கம் கெடைக்காட்டி கொழும்பு போற யாருகிட்டயாச்சும் சொல்லிவிட்டா புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுல வாங்கிட்டு வருவாங்க. பழைய ஜாக்க போட்டோ எடுத்து, கால் எண்ணிக்கையும் ஓட்டையோட அகலமும் காட்டி வாங்கச் சொல்லுங்க.

ஜாக் ஆடாம, உள்ள இருக்கிற பின்னும் நல்லா இருந்தா மாத்தவே வேணாம். வெடிச்ச காலுல பிளக்ஸ் பூசி, சூடாக்கி, புது சோல்டர் கொஞ்சம் ஊட்டுனா போதும். உள்ள பச்சையா களிம்பு புடிச்சோ கருகியோ இருந்தா மாத்தித்தான் ஆகணும், நம்ம ஊரு பனிக்கும் ஈரத்துக்கும் இது நெறைய வருது.

கழட்டுறதுதான் கஷ்டமான எடம், அவசரப்படாதீங்க. லேப்டாப்ல கம்பெனி வைக்கிறது பெரும்பாலும் லெட் கலக்காத சோல்டர், அது உருக 217 டிகிரிக்கு மேல வேணும், நம்ம 63/37 வெறும் 183லயே உருகிரும். அதனால உறிஞ்சுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காலுலயும் பிளக்ஸ் வச்சு நம்ம சோல்டர கலந்து விடுங்க, ரெண்டும் கலந்தா சீக்கிரம் எளகும். அயன் 350 முதல் 380 டிகிரி. கிரவுண்ட் (மைனஸ்) கால் மட்டும் லேசுல எளகாது, அது போர்டுக்குள்ள பரந்து கெடக்கிற செம்புத் தகட்டோட சேந்திருக்கிறதால சூட்ட எல்லாம் அதுவே குடிச்சிரும், நுவரெலியா மாதிரி குளிர்ல போர்டே ஜில்லுனு இருக்கும்போது இன்னும் மோசம். ஹேர் டிரையர் இருந்தா அந்த எடத்த ஒரு நிமிசம் மெதுவா சூடாக்கிட்டு ஆரம்பிங்க, அயன்ல ஊசி முனைய விட்டுட்டு தட்டையான முனைய போடுங்க. இஸ்தோப்புல காத்துல உக்காந்து செய்யாதீங்க, காம்பராவுக்குள்ள ஜன்னல மட்டும் தெறந்து வச்சு புகை மூஞ்சிக்கு வராம பாத்துக்குங்க.

ஈயம் முழுசா எளகாம ஜாக்க இழுக்கவே கூடாது. ஓட்டைக்குள்ள இருக்கிற செம்பு வளையம் ஜாக்கோட சேந்து பிடுங்கிட்டு வந்திரும், அப்ப நெசமாவே போர்டுக்கு செலவு வந்திரும். வேல பாதியில கரண்ட் போச்சுன்னாலும் அப்பிடியே வச்சிட்டு வந்த பொறகு தொடருங்க. ஒரு கால எளக்கி பம்பால உறிஞ்சி, மிச்சத்த நாடாவால தொடச்சு, எல்லா ஓட்டையிலயும் வெளிச்சம் தெரிஞ்சா ஜாக் தானா கையோட வரும்.

புதுச வச்சு ஒரு கால மட்டும் சோல்டர் பண்ணி, போர்டோட படிஞ்சு நேரா இருக்கான்னு பாத்துட்டு மத்ததையும் பண்ணுங்க. அயன் காலையும் செம்பையும் ஒண்ணா தொடணும், சோல்டர அயன்ல வைக்காம காலுல வைங்க, அது ஓட்டைக்குள்ள எறங்கி பளபளன்னு சின்ன கோபுரமா நிக்கணும். உருண்டையா நின்னா ஒட்டல, திரும்ப பிளக்ஸ் போட்டு சூடாக்குங்க.

அல்ககோல் போட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேச்சு நல்லா காய விடுங்க. சார்ஜர் குத்துறதுக்கு முன்னாடி மீட்டர பீப் சத்தத்துல வச்சு ஜாக்கோட பிளஸ் காலையும் மைனஸ் காலையும் தொட்டுப் பாருங்க, ஒரு வாட்டி சின்னதா கத்தி நின்னா பரவால்ல, விடாம கத்துனா ஷார்ட், எங்கயோ ஈயம் சிந்தியிருக்கு. சரியா இருந்தா காஞ்ச மேசையில வச்சு, பேட்டரி மாட்டாமலே சார்ஜர குத்தி ஜாக் காலுல வோல்டேஜ் பாருங்க, 19 கிட்ட நின்னா சார்ஜர கழட்டிட்டு பேட்டரிய மாட்டி மூடிரலாம். வேல முடிஞ்சதும் சோத்துல கை வைக்கிறதுக்கு முன்னாடி சவுக்காரம் போட்டு கழுவுங்க, உதிர்ந்த ஈயத்துண்டுகள சின்னப் புள்ளைங்க எடுக்காத மாதிரி ஒரு போத்தல்ல போட்டு மூடி வைங்க.