நரி காட்டுகிறதா, வலிப்பா?

பச்சிளம் குழந்தைகள் வார்டில் வருஷக்கணக்காக நைட் டூட்டி பார்த்ததில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் முதலில் கண், அப்புறம் வாய், கடைசியில்தான் கை கால். பிறந்து 28 நாளுக்குள் வருகிற வலிப்பு, பெரியவர்களுக்கு வருவதுபோல் உடம்பு முழுக்கத் தூக்கிப் போட்டு, நுரை தள்ளி வராது. மூளை நரம்புகள் இன்னும் முதிரவில்லை. அதனால் துண்டு துண்டாகத்தான் வெளியே தெரியும்.

ஒரு ராத்திரி, இரண்டு நாள் குழந்தை, எடை ஒன்றே முக்கால் கிலோ. "நரி காட்டுது சிஸ்டர், எப்படிச் சப்புக் கொட்டுறான் பாருங்க" என்று பாட்டி சிரித்தார். குழந்தை தூக்கத்தில் தானாகச் சிரித்தால் அப்படித்தான் சொல்வார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் ஒரு பக்கமாக நிலைகுத்தி நின்றது, கால் சைக்கிள் மிதித்தது. குதிகாலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 24, ரொம்பக் குறைவு. குளுக்கோஸ் ஏறியதும் கால் நின்றது.

சந்தேகம் வந்தால் துடிக்கிற கையை மெதுவாகப் பிடியுங்கள். வெறும் நடுக்கம் என்றால் அடங்கிவிடும். வலிப்பு என்றால் உங்கள் உள்ளங்கைக்குள்ளேயே தாளம் தப்பாமல் துள்ளும். தூக்கத்தில் மட்டும் வெட்டி, எழுப்பியதும் நின்றால் பெரும்பாலும் பயமில்லை. ஆனால் சர்க்கரை குறைந்தாலும் நடுக்கம் வரும், அதனால் அடங்கிவிட்டாலும் எங்களிடம் சொல்லாமல் விடாதீர்கள். மூச்சு நின்று உதடு நீலமாவது, திடீரென்று விறைப்பது இரண்டும் வலிப்பாக இருக்கலாம்.

காரணத்தை நாங்கள் பிறந்து எத்தனையாவது நாள் என்பதை வைத்து யோசிப்போம். முதல் நாளிலேயே என்றால், பிரசவத்தில் மூளைக்கு ஆக்சிஜன் குறைந்திருக்கும், அதுதான் அதிகம். தாய்க்குச் சர்க்கரை நோய், குறைமாதம், எடை குறைவு என்றால் குளுக்கோஸையும் கால்சியத்தையும் பார்ப்போம். வாரக் குழந்தைக்குப் பசும்பால் கொடுத்தாலும் கால்சியம் இறங்கும். பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் மூளைக்காய்ச்சலோ என்று பயப்படுவோம். அதில் உடம்பு சுடாமல் சில்லிட்டும் போகலாம். பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசி தவறினால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். "காய்ச்சல் வலிப்புதான்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது ஆறு மாதத்துக்கு மேல் வருவது.

வீட்டில் வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணி பாருங்கள், செல்போனில் வீடியோ எடுங்கள். நாங்கள் பார்க்கும்போது வலிப்பு நின்றிருக்கும், வீடியோதான் பேசும். சாவி, வெங்காயம், மாந்தத்துக்கு வசம்பு, எதுவும் வேண்டாம். அந்த நேரத்தில் பாலாடையில் பாலும் புகட்டக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். 108-ஐ அழைத்துவிட்டு, குளிராமல் துணி சுற்றி வையுங்கள். வலிப்பு நின்றுவிட்டாலும் கிளம்பி வந்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் அட்டையை மறக்காதீர்கள். பிறந்ததும் அழுததா, எடை எவ்வளவு, ஊசி போட்டார்களா என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார். அதற்காகவே அப்பாக்கள் நடுராத்திரியில் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப ஓடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.