குழாய் முனையை மீன்வாயாக வெட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குழாயின் பக்கத்தில் இன்னொரு குழாயின் முனையை வைத்து வெல்டிங் செய்ய, அந்த முனையை மீன் வாய் பிளந்ததுபோல வளைவாக வெட்ட வேண்டும். திருகோணமலைப் பட்டறைகளில் மாடிக் கைப்பிடி, படகுக் கூரைச் சட்டம், கேற் என்று நாளாந்தம் நடக்கும் வேலை இது. ஆனால் பலர் முனையை நேராக அறுத்துவிட்டு, மிஞ்சும் இடைவெளியை வெல்டிங் குச்சியால் நிரப்புகிறார்கள். இதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். இடைவெளியை நிரப்பக் கொட்டும் சூடு மெல்லிய சுவரைத் துளைத்துவிடும். உருகிய உலோகம் குளிரும்போது சுருங்கி, தூணைச் சாய்வாக இழுக்கும். நிரம்பாமல் விட்ட பொட்டுத் துளை வழியே உப்பு நீர் உள்ளே போனால், வெளியே பெயின்ற் பளபளத்துக்கொண்டிருக்க, குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

அடுத்தது அளவு. ஒன்றரை அங்குல ஜீ.ஐ. குழாயின் (நாகம், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெளிவிட்டம் 38 மில்லிமீற்றர் என்று நம்பி, அந்த அளவு வட்டவாளால் (வட்டத் துளை போடும் கிண்ண வடிவ வாள்) வெட்டுகிறார்கள். உண்மையில் அது 48.3 மில்லிமீற்றர்; ஒரு அங்குலக் குழாய் 33.7. ஜீ.ஐ. குழாயின் பெயரில் உள்ள அங்குலம் வெளிவிட்டம் அல்ல. கைப்பிடிக்கு வாங்கும் ஸ்டெயின்லெஸ் குழாயிலோ பெரும்பாலும் வெளிவிட்டமே பெயர். ஆகவே எதையும் கலிப்பரால் அளந்து பாருங்கள். வட்டவாளின் அளவு, வெட்டும் குழாய்க்கு அல்ல, அது போய் அமரும் குழாய்க்குப் பொருந்த வேண்டும்.

வட்டவாள் இல்லையா? காகிதம் போதும். ஒரு அங்குலக் குழாய் ஒன்றரை அங்குலக் குழாயில் செங்குத்தாக அமர்வதாக வைத்துக்கொள்வோம். 106 மில்லிமீற்றர் நீளக் காகிதத்தைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்து, கோடுகளில் ஒரு நீள ஓரத்திலிருந்து வரிசையாக 0, 1.5, 5, 7, 5, 1.5 மில்லிமீற்றர் ஆழம் குறித்து, இதே வரிசையை மறுபாதியிலும் தொடருங்கள். புள்ளிகளை வளைகோட்டால் இணைத்து வெட்டி, குழாயில் சுற்றிக் கோடு போடுங்கள். ஆழம் 7 என்ற இடம்தான் நீண்டு நிற்கும் காது. 0 என்ற இடம் பள்ளம்.

நீளத்தில் செய்யும் தவறு எனக்கு ஒரு முழுக் குழாயைத் தின்றது. உப்புவெளியில் ஒரு மாடிக் கைப்பிடிக்கு, இரு தூண்களின் மேற்பரப்புகளுக்கு இடையே 1000 மில்லிமீற்றர் அளந்தேன். அதே 1000-க்குக் குழாய்களை அறுத்து, இரு முனையிலும் மீன்வாய் எடுத்தேன். பள்ளத்திலிருந்து பள்ளம் வரை 986-தான் மிஞ்சியது. காதுகள் தூணின் பக்கங்களைத் தழுவி அப்பால் போகும் என்பதை மறந்திருந்தேன். 1014-க்கு அறுத்திருக்க வேண்டும்.

இரு முனைகளும் ஒரே திசையில் நிற்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்று சற்றே திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் வாய் பிளந்துவிடும். வெட்டுமுன் குழாயின் மேல் எல்-அயனை (எல் வடிவ இரும்புச் சட்டம்) கவிழ்த்து வைத்து, அதன் ஓரமாக நீளக் கோடு கீறிக்கொண்டால் இரு முனைக்கும் அது ஆதாரம்.

காதுகளின் கூர்மையான ஓரத்தை அரத்தால் சற்று மழுக்குங்கள். இல்லையேல் சூட்டில் உருகி ஓடிவிடும். வெட்டும் மெல்லிய கிரைண்டர் தகட்டின் பக்கத்தால் இதைத் தேய்க்கவே கூடாது. தகடு சிதறினால் கண் போகும்.

நாகப் பூச்சை எடுக்காமல் வெல்டிங் செய்வது இன்னொரு பெருந்தவறு. நாகம் ஏறத்தாழ 907 பாகை செல்சியஸில் ஆவியாகிவிடும். வெல்டிங் சூடு அதைவிட மிக அதிகம். அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் வரும். ஒட்டுமிடத்தைச் சுற்றிப் பூச்சைத் தேய்த்து நீக்கி, காற்றோட்டமுள்ள இடத்தில், புகைக்குத் தலையை நீட்டாமல் ஒட்டுங்கள். தேய்த்த இடம் வெறும் இரும்பு. கடற்கரையில் அதை அன்றே சுத்தம் செய்து நாகச்செறிவுள்ள பெயின்ற் பூச வேண்டும். முக்கியமாக, காதுகளுக்குக் கீழே தூரிகை எட்டாத மூலையில்.