பிரிட்ஜ் கதவு ரப்பரில் ஈரம் தங்கவிடாதீர்கள்
ஈரக்காற்று மிகுந்த மாதங்களில், வாரம் ஒருமுறை பிரிட்ஜ் கதவு ரப்பரின் மடிப்புகளை விரித்து, சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். குளிர்ந்த ரப்பரில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, மடிப்புகளில், குறிப்பாக அடிப்பக்கத்தில், தேங்கிக் கரும்பூஞ்சை பிடிக்கிறது. பிசுக்கு சேர்ந்தால் ரப்பருக்குள் இருக்கும் காந்தப்பட்டை சரியாக ஒட்டாது. வெளிக்காற்று உள்ளே கசிய, கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடி மின்சாரத்தைத் தின்னும். பிளீச்சிங் திரவம் வேண்டாம், ரப்பர் விறைத்துவிடும்.

கதவிடுக்கில் வைத்து மூடிய காகிதம், சுத்தம் செய்த பிறகும் இழுத்ததும் தடையின்றி வெளியே வந்தால் துடைப்பதில் பயனில்லை. ரப்பர் கிழிந்திருக்கலாம், கதவும் தொங்கியிருக்கலாம்.