சப்வூஃபருக்கு ஏற்ப கார் ஆம்ப்ளிஃபயரைச் சரிசெய்யும் முறை

காரின் டிக்கியில் புதிதாகச் சப்வூஃபர் (அடியோசைக்கான ஸ்பீக்கர்) பொருத்தியவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது ஆம்ப்ளிஃபயரின் கெயின் திருகில்தான். அதை ஒலியளவைக் கூட்டும் திருகு என்று எண்ணிவிடுவதால்தான் பல சப்வூஃபர்கள் கருகுகின்றன. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னல் ஒன்றில் 2 வோல்ட்டாகவும் இன்னொன்றில் 4 வோல்ட்டாகவும் இருக்கும். அந்த அளவுக்கு ஆம்ப்ளிஃபயரை இசைவிப்பது மட்டுமே கெயினின் வேலை. அளவுக்கு மீறித் திருகினால் ஒலியலையின் உச்சிகள் வெட்டுண்டு தட்டையாகிவிடும்; அந்த நிலையில் தொடர்ந்து ஒலித்தால் சப்வூஃபருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) சூடேறி, அதன் பசை தீயும் வாடை காருக்குள் வரும். என் முதல் சப்வூஃபர் அந்த வாடையோடுதான் போனது.

தொடங்குமுன் ஸ்டீரியோவில் பேஸ், டிரெபிள், ஈக்வலைசர் அனைத்தையும் பூஜ்யத்தில் வையுங்கள்; லவுட்னஸை அணைத்துவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் கெயினையும் பேஸ் பூஸ்ட்டையும் முழுவதும் குறைத்து, எல்பிஎஃப் திருகை (குறித்த அலைவெண்ணுக்கு மேலுள்ள ஒலிகளை வெட்டும் ஃபில்டர்) மட்டும் உச்சத்தில் வைத்து, சப்வூஃபருக்குச் செல்லும் இரு வயர்களையும் கழற்றிவிடுங்கள்.

அடுத்தது ஒரு சிறு கணக்கு. ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர் இரண்டின் ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தாங்கும் திறன்) அளவில் எது குறைவோ அதை எடுத்து, சப்வூஃபரின் ஓம் அளவால் பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். 300 வாட், 4 ஓம் என்றால் பெருக்குத்தொகை 1200. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 34.6 வோல்ட். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் மேக்ஸ் வாட்டைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. சப்வூஃபர் இரட்டைக் காயில் உள்ளதென்றால், இரு 4 ஓம் காயில்களைப் பக்க இணைப்பில் கோத்தால் 2 ஓம்தான் கிடைக்கும் என்பதையும் கவனியுங்கள்.

இப்போது காரைத் திறந்த வெளியில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, 50 ஹெர்ட்ஸ் சைன் (ஒரே சீரான ஒற்றை ஒலி) ஒலிக்கோப்பை ஸ்டீரியோவில் முக்கால் அளவு ஒலியில் ஓட்டுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் அதன் கம்பிகளைத் தொடுவித்தபடி, கணக்கிட்ட வோல்ட் வரும்வரை கெயினை மயிரிழை மயிரிழையாகக் கூட்டுங்கள். நம் வீட்டு மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் விலை குறைந்த மீட்டரே இதற்குப் போதும். இனி ஸ்டீரியோவை அந்த முக்கால் அளவுக்கு மேல் கொண்டுபோகாதீர்கள்.

ஒலியை நிறுத்தி, ஆம்ப்ளிஃபயரை அணைத்து, வயர்களை மீண்டும் இணைத்தபின் எல்பிஎஃப்பை 80 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள். துளையுள்ள பெட்டியென்றால், அதன் டியூனிங் அலைவெண்ணுக்கு (அந்தத் துளை ஒத்திசைந்து ஒலிக்கும் அலைவெண்) சற்றுக் கீழே, மிகத் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் சப்சோனிக் ஃபில்டரை வைப்பது கட்டாயம். அதற்குக் கீழே கூம்பைத் தாங்கிப்பிடிக்கப் பெட்டிக்குள் காற்றழுத்தம் இராது. மூடிய பெட்டிக்கு இந்தக் கவலை குறைவு. பேஸ் பூஸ்ட்டைத் தொடாமல் விடுவதே நல்லது: 6 டெசிபல் கூட்டினாலே அது கூட்டும் அலைவெண்ணில் நான்கு மடங்கு வாட் தேவைப்படும்.

கடைசியாக, சப்வூஃபரின் ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் சுவிட்ச். ஓட்டுநர் இருக்கையில் நீங்கள் அமர்ந்து, நன்கு பழகிய பாட்டொன்றை ஓடவிட்டு, டிக்கியருகே நிற்பவரை 0, 180 என மாற்றச் சொல்லுங்கள்; எதில் அடியோசை நிறைவாகக் கேட்கிறதோ அதிலேயே விட்டுவிடுங்கள். அதன்பின்னும் தாளம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் பட்டால், எல்பிஎஃப்பை 70 ஹெர்ட்ஸ் வரை குறைத்துப் பாருங்கள்.