தேர்வு எழுதியே கிரெடிட்: அமெரிக்காவில் குறைந்த செலவில் பட்டம் முடிக்க ஒரு செய்முறை

அமெரிக்க இளங்கலைப் பட்டம் என்பது கணக்குப்படி 120 கிரெடிட், அதாவது தேறிய பாடங்களுக்குச் சேரும் புள்ளி. ஒரு பாடத்துக்கு வழக்கமாக 3 கிரெடிட் என்று வைத்தால் சுமார் 40 பாடங்கள். அரசு பல்கலைக்கழகத்தில் உள்மாநிலக் கட்டணத்தில் (அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்) படித்தாலே ஒரு பாடத்துக்கு ஆயிரம் டாலர் அளவுக்குப் போய்விடும். அதே பாடத்தை வகுப்புக்கே போகாமல், வீட்டில் படித்து, ஒன்றரை மணி நேரத் தேர்வு ஒன்றை எழுதித் தாண்டினால் நூறு டாலரை ஒட்டி முடியும். இதைத்தான் தேர்வு வழிக் கிரெடிட் என்கிறார்கள். குறுக்கு வழியோ ஏமாற்று வேலையோ கிடையாது. இதற்காக நடத்தப்படும் கிளெப் தேர்வுகள் 1967-லிருந்து இருக்கின்றன. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வை நடத்தும் காலேஜ் போர்டுதான் இதையும் நடத்துகிறது.

அமெரிக்காவில் வசிக்கும், ஏதோ காரணத்தால் பட்டம் முடிக்காமல் விட்டவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கானது) இருப்பவர்கள், பி.காம். இரண்டாம் ஆண்டில் கல்யாணமாகி விமானம் ஏறியவர்கள், ஹைஸ்கூலில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் எல்லாரும் இதில் அடக்கம். எஃப்-1 விசாவில் படிக்க வந்த மாணவர்களுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அவர்கள் விசா நிலைக்காகவே முழுநேரம் வகுப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். தேர்வு எழுதிச் சேர்க்கும் கிரெடிட் அந்தக் கணக்கில் வராது.

படி 1: முதலில் கல்லூரி, அப்புறம்தான் தேர்வு

பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கிளெப் பற்றிக் கேள்விப்பட்டதும் எளிதாகத் தெரியும் நாலைந்து தேர்வை எழுதி முடிப்பார்கள், அதற்குப் பிறகு கல்லூரி தேடுவார்கள். கிரெடிட்டைக் கொடுப்பது காலேஜ் போர்டு அல்ல, நீங்கள் சேரும் கல்லூரி. ஒரே தேர்வுக்கு ஒரு கல்லூரி 6 கிரெடிட் தரும், இன்னொன்று 3 தரும், மூன்றாவது கல்லூரி கண்டுகொள்ளவே செய்யாது. புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவும் இந்த மூன்றாம் ரகம்.

தேர்வுக் கிரெடிட்டைத் தாராளமாக ஏற்பதற்குப் பெயர் போனவை மூன்று: நியூ ஜெர்சியின் தாமஸ் எடிசன் ஸ்டேட் யூனிவர்சிட்டி, நியூ யார்க்கின் எக்செல்சியர் யூனிவர்சிட்டி, கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் ஸ்டேட் காலேஜ். மூன்றுமே 1970-களின் தொடக்கத்தில், வேலைக்குப் போகும் பெரியவர்கள் பட்டம் முடிக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் தொடங்கப்பட்டவை. முறையான அங்கீகாரம் பெற்றவை.

நீங்கள் பார்க்கும் கல்லூரி இந்தப் பட்டியலில் இல்லையென்றால் அதன் அங்கீகாரத்தை அமெரிக்கக் கல்வித் துறையின் இணையத் தரவுதளத்தில் தேடிப் பாருங்கள். "உங்கள் வாழ்க்கை அனுபவத்துக்கே முழுப் பட்டம், இரண்டு வாரத்தில் வீட்டுக்கு வரும்" என்று யாராவது சொன்னால் அது போலிப் பட்டக் கடை.

கல்லூரியை முடிவு செய்யுமுன் அங்குள்ள அட்வைசரிடம் (பாட ஆலோசகர்) மின்னஞ்சலில் நான்கு கேள்வி கேளுங்கள். வெளியிலிருந்து அதிகபட்சம் எத்தனை கிரெடிட் ஏற்பீர்கள்? அதில் தேர்வு வழி வருவதற்குத் தனி வரம்பு உண்டா? மேல்நிலைக் கிரெடிட் (மூன்றாம், நான்காம் ஆண்டு அளவிலானது) எத்தனை வேண்டும்? உங்களிடமே எடுக்க வேண்டிய பாடங்கள் எவை? இந்த விதிகள் அவ்வப்போது மாறுகின்றன. அதனால் பதில் எழுத்தில் இருக்கட்டும், தொலைபேசியில் கேட்டது பின்னால் செல்லாது.

படி 2: கையில் இருப்பதை எண்ணுங்கள்

ஊரில் படித்ததைச் செல்லாக்காசு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். பட்டம் முடிக்காவிட்டாலும், அரியர் நிலுவையில் இருந்தாலும், தேறிய பாடங்களுக்குக் கிரெடிட் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்கு டபிள்யூஇஎஸ் அல்லது இசிஇ போன்ற மதிப்பீட்டு நிறுவனத்தில் பாடவாரியான மதிப்பீடு வாங்க வேண்டும். மொத்த மதிப்பீடு என்று விலை குறைவாக இன்னொன்றும் இருக்கும்; கிரெடிட் மாற்றத்துக்கு அது போதாது. எந்த நிறுவனத்தின் அறிக்கையை உங்கள் கல்லூரி ஏற்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் விவரச் சான்று) வர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் இந்த வேலையை முதல் நாளே தொடங்கிவிடுவது நல்லது. அது வருவதற்குள் நீங்கள் படிக்கத் தொடங்கலாம்.

படி 3: 120 கட்டம் போட்ட திட்டம்

ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்து, நீங்கள் தேர்ந்த பட்டத்துக்கு வேண்டிய பாடங்களை வரிசையாக எழுதுங்கள். எதிரே அதை எதனால் நிரப்பப் போகிறீர்கள் என்று குறியுங்கள்: ஊர்க் கிரெடிட், கிளெப், வேறு தேர்வு, இணையப் பாடம், கல்லூரியிலேயே எடுப்பது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இந்தத் தாளில்தான் தீர்மானமாகிறது.

இதில் மூன்று சிக்கல் வரும். முதலாவது, ஒரே பாடம் இரண்டு முறை. ஹைஸ்கூலில் ஏபி (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி அளவுத் தேர்வு) சைக்காலஜி தேறியவர் கிளெப் சைக்காலஜியும் எழுதினால் ஒருமுறைதான் கிரெடிட். இரண்டாவது, பெரிய பாடத்தை முடித்தபின் சின்னதை எழுதுவது. கால்குலஸ் வகுப்பு முடித்தவருக்குக் காலேஜ் அல்ஜீப்ரா தேர்வுக்குக் கிரெடிட் தர பல கல்லூரிகள் மறுக்கும்.

மூன்றாவதுதான் நிறைய பேரைப் பாதி வழியில் நிறுத்துவது: மேல்நிலைக் கிரெடிட். கிளெப் தேர்வுகள் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களின் அளவுக்கானவை. பட்டத்துக்கோ மூன்றாம், நான்காம் ஆண்டு அளவில் கணிசமான கிரெடிட் வேண்டும். அந்த இடத்தை மூன்று வழியில் நிரப்பலாம். ஒன்று டிஎஸ்எஸ்டி தேர்வுகள். இவை ராணுவத்தினருக்காகத் தொடங்கப்பட்டவை, இப்போது யாரும் எழுதலாம். பணமும் வங்கியும், சோவியத் யூனியன் வரலாறு போன்ற சிலவற்றுக்கு மேல்நிலைக் கிரெடிட் தரலாம் என்ற பரிந்துரை உண்டு. இரண்டு, ஸ்டடி டாட் காம் போன்ற இடங்களின் இணையப் பாடங்கள். மூன்று, கல்லூரியிலேயே எடுப்பது. பெரும்பாலும் மூன்றையும் கலந்துதான் முடிக்க வேண்டியிருக்கும். எனவே "முழுப் பட்டமும் தேர்விலேயே" என்ற விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம். பொதுப் பாடங்களில் பெரும் பகுதியைத் தேர்வில் முடித்தாலே செலவு கணிசமாகக் குறையும், அதுவே பெரிய லாபம்.

படி 4: முதல் தேர்வு எது?

கிளெப்பில் முப்பதுக்கு மேற்பட்ட தேர்வுகள் இருக்கின்றன. உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்த பாடத்தில் தொடங்குங்கள். பி.காம். படித்தவருக்கு ஃபைனான்ஷியல் அக்கவுண்டிங், பள்ளியில் கணக்கு நன்றாக வந்தவருக்குக் காலேஜ் அல்ஜீப்ரா. பழக்கமே இல்லாதவருக்கு சைக்காலஜி, சோசியாலஜி, பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட் மூன்றும் நல்ல நுழைவாயில். அமெரிக்க வரலாறு, அமெரிக்க அரசு இரண்டையும் நம் ஆட்கள் பயந்து தள்ளிப்போடுவார்கள். குடியுரிமைத் தேர்வுக்குப் படித்த கையோடு எழுதினால் அடித்தளமாவது இருக்கும், ஆனால் அது மட்டும் போதாது. காலேஜ் காம்போசிஷன் கட்டுரை எழுத வேண்டிய தேர்வு. அதை நான்கைந்து தேர்வு பழகியபின் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் பேசியே கிரெடிட் வாங்க முடியுமா என்று நிறைய பேர் கேட்பது உண்டு. கிளெப்பில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டும்தான். ஆனால் ஆக்ட்ஃபல் என்ற மொழிக் கல்வி அமைப்பின் பேச்சுத் திறன் நேர்காணல் தமிழிலும் நடக்கிறது. தேர்வாளர் ஒருவர் உங்களோடு அரை மணி நேரம் போலப் பேசி நிலையைக் கணிப்பார். தாய்மொழிக்குக் கிரெடிட் தர விரும்பாத கல்லூரிகளும் உண்டு, அட்வைசரிடம் கேட்டுவிட்டு முயலுங்கள்.

படி 5: இலவசமாகப் படிப்பது, இலவச வவுச்சர் வாங்குவது

மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு அமைப்பு கிளெப் பாடங்களுக்கு இணையத்தில் இலவச வகுப்பு வைத்திருக்கிறது. ஒரு பாடத்தை வீடியோ, பயிற்சிக் கேள்விகள் எல்லாம் பார்த்து முடித்தால் அந்தத் தேர்வின் கட்டணத்துக்கு வவுச்சர் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்துவிட்டால் காலேஜ் போர்டுக்கு நீங்கள் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை. இதற்கு மேல் பயிற்சி நிறுவனங்களுக்கு நூற்றுக்கணக்கில் கொட்டுவது எனக்குப் புரியவே இல்லை.

வகுப்பு மட்டும் பார்த்துவிட்டுப் போய் உட்காராதீர்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் சைக்காலஜி, சோசியாலஜி, பொருளாதாரப் பாடநூல்கள் முழுதும் இலவசம். கால்குலஸ், அல்ஜீப்ராவுக்குக் கான் அகாடமி போதும். கடைசியாகக் காலேஜ் போர்டு வெளியிடும் பாட வழிகாட்டியில் உள்ள மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். உண்மைத் தேர்வின் தொனி அதில்தான் சரியாக இருக்கும். தவறிய கேள்விகளைத் தலைப்புவாரியாகப் பிரித்தால் எந்த அத்தியாயம் தகராறு என்று தெரிந்துவிடும். அதை மட்டும் மீண்டும் படியுங்கள்.

எத்தனை நாள் ஆகும்? தெரிந்த பாடத்துக்கு இரண்டு வாரம், தெரியாததற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் என்று வைத்துக்கொள்ளலாம். சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

படி 6: பதிவும் தேர்வு நாளும்

காலேஜ் போர்டு தளத்தில் கணக்குத் தொடங்கி, தேர்வைத் தேர்ந்து, வவுச்சர் எண்ணை இட்டால் பதிவுச் சீட்டு வரும். இதோடு வேலை முடியவில்லை, நேரத்தைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அருகிலுள்ள கல்லூரித் தேர்வு மையத்தை அழைத்து நாள் குறியுங்கள். மையம் தனக்கென்று ஒரு கட்டணம் வாங்கும், அது இடத்துக்கு இடம் வேறுபடும். வீட்டிலிருந்தே கண்காணிப்பாளர் கேமரா வழியே பார்க்க எழுதும் வசதியும் அமெரிக்காவில் இருக்கிறது. கதவு சாத்திய தனி அறையும் கேமரா உள்ள கணினியும் வேண்டும், டேப்லெட்டும் செல்போனும் உதவாது. நடுவில் யாராவது அறைக்குள் வந்தால் தேர்வு ரத்தாகலாம் என்பதால் கூட்டுக் குடித்தனத்தில் இருப்பவர்களுக்கு மையமே மேல்.

பெரும்பாலான தேர்வுகள் 90 நிமிடம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, எனவே ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள். மதிப்பெண் 20-இலிருந்து 80 வரை. கிரெடிட்டுக்கு அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற உயர்கல்விக் கூட்டமைப்பு பரிந்துரைப்பது பொதுவாக 50. இந்த 50 என்பது சதவீதம் அல்ல, மாற்றியமைக்கப்பட்ட அளவுகோலில் ஒரு புள்ளி. ஐம்பது வாங்கினாலும் எழுபத்தைந்து வாங்கினாலும் அதே கிரெடிட்தான், ஜிபிஏயில் (கல்லூரி மதிப்பெண் சராசரி) அது சேராது. சென்டம் வாங்கிப் பழகிய நம்மவர்களுக்கு இது உறுத்தும். மாதிரித் தேர்வில் வசதியாகத் தேறுகிறீர்களா, உடனே எழுதிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போங்கள். கட்டுரைத் தேர்வு தவிர மற்றவற்றின் மதிப்பெண் அங்கேயே திரையில் வரும். தவறினால் அதே தேர்வை மூன்று மாதம் கழித்துத்தான் எழுத முடியும்.

பதிவின்போதே மதிப்பெண் போக வேண்டிய கல்லூரியைக் குறித்துவிடுங்கள், அந்த ஒரு பிரதி இலவசம். பிறகு அனுப்பினால் தனிக் கட்டணம்.

படி 7: கடைசிக் கிரெடிட்டுகள்

மேலே சொன்ன கல்லூரிகளில் பட்டத்துக்கு முன் கேப்ஸ்டோன் என்ற இறுதிப் பாடத்தை அவர்களிடமே எடுக்க வேண்டும், வேறு சில பாடங்களும் சேரலாம். ஆண்டுக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், வெளிக் கிரெடிட் அதிகமானால் தனிக் கட்டணம் என்று சிலவற்றை மொத்தக் கணக்கில் முன்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வெளித் தேர்வுகள் வேண்டாம் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே வேறு வழியும் உண்டு. வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யூனிவர்சிட்டி ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம் வாங்குகிறது. அந்தக் காலத்துக்குள் எத்தனை பாடம் முடித்தாலும் அதே விலை. மெய்ன் மாநிலப் பிரஸ்க் ஐல் பல்கலைக்கழகமும் எட்டு வாரத் தவணையில் இதே பாணியில் நடத்துகிறது. இவற்றிலும் கிளெப் கிரெடிட்டைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

யார் இந்த வழிக்கு வரக் கூடாது?

மருத்துவக் கல்லூரிக்குப் போகும் எண்ணமுள்ள பிள்ளைக்கு உயிரியல், வேதியியல் முன்நிபந்தனைப் பாடங்களை இப்படி முடிக்க வேண்டாம், பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்பதில்லை. ஆய்வகம் தேவைப்படும் பொறியியல் பட்டத்தை இப்படி முழுதாக முடிக்க வழியே இல்லை. சிபிஏ (பொதுக் கணக்காளர்) உரிமம் நோக்கமென்றால் உங்கள் மாநில வாரியம் எந்தக் கிரெடிட்டை ஏற்கும் என்று முதலில் பாருங்கள். ஊருக்குத் திரும்பி இந்தியாவில் அரசு வேலைக்கோ முதுகலைக்கோ இந்தப் பட்டத்தைக் காட்டப்போகிறவர்கள் தேர்வுக் கட்டணம் கட்டுமுன் அங்குள்ள சமநிலைச் சான்று விதிகளைப் படித்துவிடுங்கள். அமெரிக்காவில் செல்லும் பட்டம் அங்கே தானாகச் செல்லாது.